உலகம்மாள் சொன்ன சாட்சி

தாயம்மையின் மடத்தில் சீடர் என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான் இருந்தார். அவர் குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். பெயர் அணைஞ்சபெருமாள். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார்.

மாசி மாதம் ஒரு காலையில் அவர் வந்தபோது முகம் சரியில்லை. தாயம்மை கொல்லையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரமா ஆளைக் காணோமே அண்ணாச்சி."

"நான் யாருன்னு தேடப் போனேன் அம்மா."

"கிடைச்சுதா?"

"இருந்ததும் போச்சு."

தாயம்மை பக்கத்தில் இடம் காட்டினார். அவர் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

பங்குனி உத்திரத்துக்கு அவருடைய சொந்தபந்தம் எல்லாம் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கூடும். இந்த வருஷம் வம்சாவளியைக் கல்லில் வெட்டிக் கோயில் சுவரில் பதிப்பது என்று முடிவு. பொறுப்பு அவருடையது. மூன்று வருஷம் ஊர் ஊராக அலைந்து, ஒன்பது தலைமுறை, முந்நூற்றுச் சொச்சம் பெயர்கள் சேர்த்திருந்தார். கல்லும் வந்து இறங்கிவிட்டது.

அந்த நேரத்தில்தான் சித்தப்பா மகன் பூதத்தான் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி அகப்பட்டது. அதற்குள் நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு வழக்கின் நகல்.

வழக்கு அவருடைய கொள்ளுத்தாத்தா மூக்காண்டியைப் பற்றியது. போட்டவர் மூக்காண்டியின் சித்தப்பா. 'என் அண்ணன் மகன் மூக்காண்டி தாது வருஷப் பஞ்சத்தில் மூன்று வயதில் இறந்துவிட்டான். என் மதினி சர்க்கார் கஞ்சி ஊற்றிய கஞ்சித்தொட்டியில் கிடந்த அநாதைப் பிள்ளை ஒன்றைத் தூக்கிவந்து அதே பெயரிட்டு வளர்த்தாள். எதிரில் நிற்பவன் அவனே. குடும்ப நிலத்தில் அவனுக்குப் பாத்தியதை இல்லை' என்பது பிராது.

"தீர்ப்பு?"

"கடைசி ஏட்டைக் கரையான் தின்னுட்டு. நிலம் இப்பவும் எங்க கையிலதான் இருக்கு, அதனால மூக்காண்டி ஜெயிச்சிருக்கணும். ஆனா ஜெயிச்சது உண்மையா, வக்கீலான்னு யாருக்குத் தெரியும்? அந்தச் சித்தப்பா நிலத்துக்காகப் பொய் சொல்லியிருக்கலாம். நெசத்தையும் சொல்லியிருக்கலாம்."

"ம்."

"கஞ்சித்தொட்டிப் பிள்ளைன்னா எந்த ஊரோ, எந்தச் சாதியோ. அவனுக்கு மேல இருக்க மூணு தலைமுறையும் எனக்கு அந்நியம். அறுபத்தொரு வருஷமா நான் கும்பிட்ட சாஸ்தா எனக்குச் சாஸ்தாவா அம்மா?"

"பூதத்தான் என்ன சொல்லுதாரு?"

"'அண்ணே, பேசாம அதைக் கொளுத்திப் போடு'ங்கான். எம்மவ போன்ல, 'உள்ளதை உள்ளபடி வெட்டுங்கப்பா'ங்கா. உள்ளது எதுன்னு தெரிஞ்சாத்தானே வெட்ட?"

"வழக்குல மூக்காண்டியைப் பெத்தவ ஒண்ணும் சொல்லலையா?"

"சாட்சி சொல்லியிருக்கா. உலகம்மாள்னு பேரு. பிடி கொடுக்கவே இல்ல. ரெண்டு வாரமா அதைத்தான் திருப்பித் திருப்பிப் படிக்கேன். மனப்பாடமே ஆயிட்டு."

"உங்க வம்சாவளியில அவ எங்க இருக்கா?"

"பொம்பளையாள்க பேரை நாங்க சேக்கல அம்மா."

தாயம்மை முறத்தைத் தள்ளி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, அவர் கொண்டுவந்திருந்த சாட்சித் தாளை வாங்கினார்.

"எந்திரிச்சு நில்லுங்க அண்ணாச்சி. நான்தான் வக்கீல்."

"நான்?"

"உலகம்மாள்."

அணைஞ்சபெருமாள் கூச்சத்தோடு சிரித்தார். தாயம்மை சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை விட்டு எழுந்து நின்றார்.

"எதிரில் நிற்கும் மூக்காண்டி உன் பிள்ளையா?"

"என் பிள்ளை."

"உன் வயிற்றில் பிறந்தவனா?"

"என் பிள்ளை."

"எத்தனை பிள்ளை பெற்றாய்?"

"ஒரு பொண்ணு, ஒரு ஆணு."

"எத்தனை பிள்ளை வளர்த்தாய்?"

"ஒரு பொண்ணு, ஒரு ஆணு."

"பஞ்சத்தில் உன் ஆண்பிள்ளை இறந்தது மெய்தானே?"

"பஞ்சத்துல எல்லார் வீட்டுலயும் செத்தாங்க."

"உன் வீட்டில்?"

அணைஞ்சபெருமாள் நிறுத்தினார். "இந்த இடத்துல 'சாட்சி பேசவில்லை'ன்னு எழுதியிருக்கு அம்மா."

"அப்போ பேசாதீங்க."

அவர் பேசாமல் நின்றார். தாயம்மையும் பேசவில்லை. கொல்லையில் வெயில் ஏறியது. அவருக்குக் கால் கடுத்தது. உட்காரலாமா என்று கேட்க வாய் வரவில்லை.

தாயம்மை தாளை மடித்தார். பிறகு தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"உலகம்மா, அந்த மூணு வயசுப் பிள்ளைக்கு எப்போ அழுத?"

அணைஞ்சபெருமாள் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அழுதிருந்தால் ஊர் கேட்டிருக்கும். ஊர் கேட்டிருந்தால், மடியில் கிடந்த பிள்ளை யாரோ பெற்ற பிள்ளை ஆகியிருக்கும். அவளால் எப்போது அழுதிருக்க முடியும்? எந்தக் கொல்லையில்? யார் காதில் விழாமல்?

அவர் அப்படியே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தாயம்மை மறுபடியும் முறத்தை எடுத்து மொச்சை உரிக்கத் தொடங்கினார்.

வெகு நேரம் கழித்து அவர் கேட்டார்.

"அப்போ அந்தப் பிள்ளை செத்துத்தான் போச்சா அம்மா?"

"எனக்கென்ன தெரியும்?"

"நீங்கதானே அப்படிக் கேட்டீங்க?"

"கேட்டேன். நீங்கதானே அழுதீங்க."

வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு அவர் வீட்டுக்குப் போனார்.

கல் கொத்துகிறவர் மேலே யார் பேரை வெட்ட என்று தினமும் போன் போட்டார். முதல் நாள், பழையபடியே வெட்டும் என்றார் அணைஞ்சபெருமாள். மறுநாள் நிறுத்தச் சொன்னார். அதற்கடுத்த நாள் போனை எடுக்கவே இல்லை. பங்குனி உத்திரத்துக்கு நாலு நாள் இருக்கும்போது நேரில் போய், கல்லுக்கு முன்னால் நின்று, ஒரு பெயரைச் சொன்னார். சொன்ன பிறகும் அது சரியா என்று அவருக்குத் தெரியவில்லை.

உத்திரத்தன்று எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். உச்சியில் 'உலகம்மாள்' என்று இருந்தது. அதற்குக் கீழே மூக்காண்டி, அவன் மக்கள், மக்களின் மக்கள். உலகம்மாளுக்கு மேலே ஒன்றும் இல்லை.

பூதத்தான் அவரைத் தனியே இழுத்துப் போனான்.

"அப்பன் பேரு இல்லாம ஆத்தா பேர்ல ஆரம்பிக்கு. பாக்கவன் என்ன நினைப்பான் அண்ணே?"

"தெரியலடே."

"மேல உள்ள மூணு பேரு எங்க?"

"அவங்க நமக்கு யாருன்னு தெரியல."

"அப்போ நீ கும்பிட வந்த சாஸ்தா?"

"அதுவும் தெரியல."

பூதத்தான் பொங்கச்சோறு சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டான். அந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்த ஒருத்தி மட்டும் கல்லெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, "இது யாரு பெரியப்பா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்குத்தான் அன்றைக்கு அவரால் பதில் சொல்ல முடிந்தது.

மறுநாள் காலை மடத்துக்கு வந்தார். வேட்டி நனைந்திருந்தது.

"வார வழியில ஆத்துல இறங்கினீங்களோ?"

"இறங்கினேன் அம்மா. அந்தச் சின்னப் பிள்ளைக்கு ஒரு கை தண்ணி விடலாம்னு தோணிச்சு. இத்தனை வருஷத்துல யாரும் விட்டிருக்க மாட்டாங்கல்லா?"

"விட்டீங்களா?"

"தண்ணியை அள்ளிட்டேன். பேரு சொல்லணுமே. மூக்காண்டின்னு கூப்பிட்டேன். கூப்பிட்ட பிறகுதான் நினைச்சேன், அது கொள்ளுத்தாத்தா பேரும்தானே. அதுக்குள்ள தண்ணி கையை விட்டுப் போயிட்டு. யாருக்குப் போச்சோ. அப்படி ஒரு பிள்ளை செத்துதோ இல்லையோ, அதுவே தெரியல."



"சத்தமாக் கூப்பிட்டீங்களா?"

"சத்தமாத்தான் கூப்பிட்டேன்."

"அப்போ ரெண்டு பிள்ளையும் திரும்பிப் பாத்திருக்கும் அண்ணாச்சி."