சாயத் தண்ணீர் உபயம்

காலையில் கண்விழித்ததும் ராஜா மனதில் எது தோன்றுகிறதோ, அதுவே அன்றைய சட்டம் என்றிருந்த காலம் அது. அப்படிப்பட்ட ஒரு ராஜாவின் சபையில் உத்தண்டி என்றொரு விகடன் இருந்தான். சிரிக்க வைப்பது அவன் தொழில். சந்தேகப்படுவது அவன் சுபாவம். பாயசத்தில் முந்திரி கூடுதலாகக் கிடந்தால்கூட, "எதை மறைக்க இவ்வளவு முந்திரி?" என்று கேட்பான்.

ஒருநாள் ராஜாவுக்கு ஓர் ஆசை வந்தது. "நம் வணிகர்கள் நாட்டில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். நாட்டுக்கு என்ன செய்கிறார்கள்? ஊருக்கு அதிக நன்மை செய்பவரை யானைமேல் ஏற்றித் தர்மப் பிரபு என்று பட்டம் கொடுப்பேன்" என்று பறையறைவித்தார்.

மறுநாளே நாட்டில் தர்மம் பெருக்கெடுத்தது. எண்ணெய் வணிகர் தெருவிளக்கு ஏற்றினார். உப்பு வணிகர் சத்திரம் கட்டினார். எல்லோரையும் மிஞ்சியவர் சாயப்பட்டறை அம்பலவாணர். அவருடைய பட்டறை ஆற்றங்கரையில் இருந்தது. அதற்குக் கீழே ஆறு ஓடும் வழியில் கீழ்த்துறை என்றொரு ஊர். அந்த ஊரில் தெருவுக்குத் தெரு தண்ணீர்ப் பந்தல் போட்டார். புதுப் பானை, வெட்டிவேர் மணம், தென்னங்கீற்று நிழல்.

"மகாராஜா, இப்படியொரு கருணையை நான் கண்டதில்லை" என்று சபையில் உருகினார் மந்திரி திருவேங்கடர். அந்த வாரம் மந்திரி வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் புதுச் சிவப்புப் பட்டு உடுத்தியிருந்ததை உத்தண்டி கவனித்திருந்தான்.

ஆற்றங்கரை ஊருக்கு எதற்குத் தண்ணீர்ப் பந்தல்? அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே கீழ்த்துறைக்குப் போனான்.

பந்தலில் இருந்த ஆள், "ஐயா வாழ்கன்னு சொல்லு, ஊத்தறேன்" என்றான். உத்தண்டி சொன்னான், தண்ணீர் கிடைத்தது. சற்றுத் தள்ளி, வெறுங்குடத்தோடு ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் பெயர் குப்பாயி.

"நீ ஏம்மா வாங்கலை?"

"எனக்கு ஊத்தமாட்டாங்க. பட்டறைத் தண்ணிய ஆத்துல விடாதீங்கன்னு வாசல்ல போய்ச் சத்தம் போட்டேன். அன்னிக்கே நிறுத்திட்டாங்க."

"ஆற்றில் என்ன?"

அவள் அவனைக் கரைக்கு அழைத்துப் போனாள். ஆறு குங்குமத்தைக் கரைத்துவிட்டது போல ஓடியது. மீன்கள் வயிறு தெரிய ஒதுங்கிக் கிடந்தன. குப்பாயி குழந்தையின் காலைத் திருப்பிக் காட்டினாள். முழங்கால்வரை புண்.

"கெணத்துலயும் இதே நெறந்தான். யார்ட்டயாவது சொல்லுங்கய்யா."

உத்தண்டிக்கு அன்று விகடம் வரவில்லை.

சபைக்கு வந்து, "மகாராஜா, அம்பலவாணரின் தர்மத்தில் எனக்கு ஒரு சந்தேகம்" என்று தொடங்கினான். மந்திரி முடிக்க விடவில்லை. "பிரபு! நல்லது செய்பவர்களை இவன் பழிக்கிறான். இதைக் கேட்டால் நாளை எந்த வணிகர் தர்மம் செய்வார்?"

யானைக்கு நெற்றிப்பட்டம்கூடத் தைத்து வைத்திருந்த ராஜாவுக்குக் கோபம் வந்தது. "உத்தண்டி, உனக்கு இதுதான் தண்டனை. அம்பலவாணர் ஊருக்குக் கொடுத்த ஒவ்வொன்றின் மேலும் 'அம்பலவாணர் உபயம்' என்று நீயே பலகை நட வேண்டும். பழிச்சொல் ஒன்று இருந்தாலும் நாட்டைவிட்டுப் போ."

"ஒன்று விடுபட்டாலும் போக வேண்டும்" என்று சேர்த்துக்கொண்டார் மந்திரி. நூற்றுக்கணக்கான பானைகளில் ஒன்றையாவது இவன் தவறவிடுவான் என்பது அவர் எண்ணம்.

"ஒன்றுகூட விடமாட்டேன்" என்று உத்தண்டி கும்பிட்டான்.

பட்டமளிப்பு நாளில் அம்பலவாணர் யானைமேல் வர, ராஜாவின் பல்லக்கு முன்னே போனது. பந்தலுக்குப் பந்தல் பலகை. ராஜா தலையாட்டி மகிழ்ந்தார். ஆற்றங்கரை திரும்பியதும் பட்டறையின் மதகு வந்தது. அங்கும் ஒரு பலகை: "இந்தச் சாயத் தண்ணீர், அம்பலவாணர் உபயம்."

பல்லக்கு நின்றது. செத்த மீன்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. சிவந்த கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஒரு பலகை. கருகிய கீரைப் பாத்தியில் ஒரு பலகை. புண்பட்டவர்கள் வீட்டு வாசல்தோறும் ஒரு பலகை. எல்லாம் அம்பலவாணர் உபயம். யானைமேல் இருந்ததால் அம்பலவாணரால் நழுவவும் முடியவில்லை.

குப்பாயி வீட்டு வாசலில் மட்டும் பலகை இல்லை. "இங்கே விடுபட்டுவிட்டது!" என்று மந்திரி கூவினார்.

"பலக நட வந்தாருங்க. நாந்தான் வேணாம்னேன்" என்ற குப்பாயி, குழந்தையை ராஜா முன் நிறுத்தினாள். "இந்தக் காலப் பாத்தா போதாதா, சாமி?"

ராஜா பார்த்தார். பல்லக்கை அரண்மனைக்குத் திருப்பச் சொன்னார். கீழ்த்துறை மக்கள் பின்னாலேயே வந்தார்கள்.

அரண்மனை வாசலிலும் ஒரு பலகை காத்திருந்தது: "மேலே பறக்கும் சிவப்புப் பட்டுக் கொடிகள், கீழ்த்துறை மக்கள் உபயம்."

"ஆணையை மீறிவிட்டான்!" என்றார் மந்திரி. "அம்பலவாணர் பெயரையல்லவா எழுத வேண்டும்?"

"எழுதத்தான் வந்தேன் ஐயா. ஆனால் அவர் பட்டறையில் சாயம் தோய்த்த இந்தக் கொடிகளுக்கு அரண்மனை விலை கொடுத்திருக்கிறது. விலை வாங்கினால் அது உபயம் ஆகுமா? இந்தச் சிவப்புக்காக ஒன்றும் வாங்காமல் ஆற்றைக் கொடுத்தவர்கள் இவர்கள் மட்டும்தான்."

ராஜாவின் முகம் கொடிகளைவிடச் சிவந்தது. பிறகு அவரே கொடிகளை இறக்கச் சொன்னார். "அம்பலவாணரே, யானையைவிட்டு இறங்கும். இனி ஒரு சொட்டுச் சாயம் ஆற்றில் கலக்கக் கூடாது. கிணறுகளை இறைத்துச் சுத்தம் செய்யும். இவர்களுக்கு வைத்தியம் உம் பொறுப்பு. அதுவரை பந்தலில் தண்ணீர் ஊற்றும். யாரும் வாழ்க சொல்ல வேண்டாம்."

"உத்தரவு, மகாராஜா" என்று அம்பலவாணர் தரையைத் தொட்டு வணங்கினார்.

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். உத்தண்டி மட்டும் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"இன்னும் என்னடா? என் ஆணைமீதே சந்தேகமா?"

"ஆணை உங்களுடையது, மகாராஜா. மதகின் சாவி இன்னும் அவருடையது."

ராஜா அம்பலவாணரின் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தார். பிறகு தூண் அதிரச் சிரித்தார். தன் பொற்காப்பைக் கழற்றி உத்தண்டியின் கையில் மாட்டினார். அம்பலவாணரின் இடுப்பிலிருந்து சாவியை வாங்கிக் குப்பாயியிடம் நீட்டினார்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அசல் சாவிதானா என்று உத்தண்டியிடம் கேட்டுக்கொண்டு, முந்தானையில் இறுக்கி முடிந்தாள்.