பாறையில் படுக்காத மொச்சை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆட்காட்டிக் குருவிக்குக் கால் நீளம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை விட்டுவிட்டால் கதையே கெட்டுப்போகும்.

ஏரிக்கரைப் பொட்டலில் ஓர் ஆட்காட்டி பள்ளிக்கூடம் நடத்தியது. காடைக் குஞ்சுகளும் கௌதாரிக் குஞ்சுகளும் அங்கே படித்தன. பாடம் ஒன்றே ஒன்றுதான். வானத்தில் பருந்து தெரிந்தால் அப்படியே குப்புறப் படுத்துக் கல்லைப் போலக் கிடக்க வேண்டும். அசைகிற குஞ்சைப் பருந்து தூக்கிப் போய்விடும்.

முதல் நாள், மொச்சை என்ற கௌதாரிக் குஞ்சு ஓர் எறும்பைப் பார்த்துத் தலையைத் தூக்கிவிட்டது.

“சேட்டைக்காரா! நீ என் கண்ணெதிரே இரு!” என்று டீச்சர் அதைப் புதர் நிழலிலிருந்து கூட்டி வந்து, முன்னால் இருந்த கரும்பாறையில் விட்டது.

அன்றிலிருந்து மொச்சைக்குப் பாடமே வரவில்லை. “பருந்து!” என்று டீச்சர் கத்தினால் எல்லாம் பொத்தென்று படுக்கும். மொச்சை மட்டும் படுத்த வேகத்தில் எழுந்துவிடும்.

“டேய், கல்லுக்குக் கால் முளைச்சிடுச்சுடா!” என்று காடைக் குஞ்சுகள் சிரித்தன.

“டீச்சர், வயிறு...” என்று மொச்சை இழுத்தது.

“கல் பேசுமா? வாயை மூடு! படு!”

டீச்சர் கெட்டது இல்லை. அக்கரையில் பருந்து ஒரு குஞ்சைத் தூக்கியதை அது கண்ணால் பார்த்திருந்தது. அடுத்தது மொச்சைதான் என்று அதற்கு நடுக்கம். அதனால் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும், உச்சிவெயிலில் மொச்சையை மட்டும் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொடுத்தது.

ஒருநாள் மொச்சையின் அம்மா வேகவேகமாக வந்தது.

“டீச்சரம்மா! என் பிள்ளை மல்லாந்து தூங்குது! கௌதாரி மல்லாந்து தூங்கி எங்கேயாவது பார்த்திருக்கீங்களா?”

“அவனுக்குக் கவனம் போதாதும்மா. சொல்லிச் சொல்லி என் தொண்டை கட்டிப்போச்சு!”

“இங்கே வர்றவரைக்கும் ஒழுங்காத்தான் குப்புறப் படுத்தான். அவன் இடத்துல நீங்க ஒருதரம் படுங்க, பார்ப்போம்!”

டீச்சருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நீளக் காலை மடக்கி, பாறையில் வயிற்றை வைத்தது.

“ஐயையோ!”

பாறை தோசைக்கல்லாய்க் காய்ந்திருந்தது. இத்தனை நாளும் நின்றபடியே பாடம் நடத்திய டீச்சருக்கு அது தெரியவே இல்லை.

டீச்சர் ஏரிக்கு ஓடியது. தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, மொச்சையை ஈர இறகுக்கு அடியில் அணைத்துக்கொண்டது.

“வேற என்னடா கண்ணு? சொல்லு.”

“பசிக்குது டீச்சர். தினமும் சாப்பிடுற நேரம் இங்கேயே போயிடுது.”

மறுநாள் மொச்சைக்குப் புதர் நிழலில் இடம். டீச்சர் வாய் நிறையக் கறையான் கொண்டுவந்து ஊட்டப் போனது. அந்த நேரம் தரையில் ஒரு நிழல் வட்டமிட்டது.

பருந்து!

டீச்சரால் கத்த முடியவில்லை. வாயெல்லாம் கறையான். பறந்தாலோ, குஞ்சுகள் இருக்கும் இடம் தெரிந்துபோகும். அது அங்கேயே படுத்தது. அதைப் பார்த்து மற்றக் குஞ்சுகளும் படுத்துக்கொண்டன. பக்கத்தில் மொச்சை ஏற்கெனவே கல்லாகிக் கிடந்தது. மெதுவாக அதன் குரல் மட்டும் வந்தது.

“டீச்சர்... கால் வெளியே தெரியுது. மடக்குங்க!”

டீச்சர் சட்டென்று மடக்கிக்கொண்டது. பருந்து இரண்டு சுற்றுச் சுற்றியது. ஒன்றும் அகப்படாமல் அக்கரைக்குப் போய்விட்டது.

அப்பாடா! டீச்சர் கறையானை விழுங்கிவிட்டுச் சிரித்தது.

“கல் பேசலாமா டீச்சர்?”

“பேசலாம்டா ராசா. இனிமே தாராளமாப் பேசலாம்!”

நான் சொன்னது சரியாகப் புரிந்ததோ என்னவோ, எதற்கும் இருக்கட்டும் என்று நீதியையும் எழுதிவிடுகிறேன்: பாடம் ஏறாத பிள்ளையிடம் அதே பாடத்தை இன்னொரு தரம் கத்துவதற்கு முன், அதற்கு எங்கே சுடுகிறது என்று கேட்க வேண்டும்.