தலைமை ராஜவைத்தியர் காலமானார்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கும் நீர்ப்பையில் கல் அடைத்துக்கொண்ட காலத்தில், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தான். கல்லடைப்பு வந்து அவன் கட்டிலில் புரண்டபோது, ராஜவைத்தியர் அகோரப்பர் தங்க பஸ்பம், வெள்ளி பஸ்பம் என்று கொடுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அரசவை விகடகவி வெண்காடன்தான் குதிரை லாயத்துக்குப் பின்னால் நின்ற மாவிலங்க மரத்தின் பட்டையைச் சீவி, நெருஞ்சில் சேர்த்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தான். சில நாளில் கல் கரைந்து போயிற்று. ராஜாவுக்குப் போன உயிர் வந்தது. அகோரப்பருக்கு வயிறு எரிந்தது.

ராஜாவின் குஷியைக் கேட்க வேண்டுமா? அந்த மரத்துக்கே 'தலைமை ராஜவைத்தியர்' என்று பட்டம் கொடுத்து, அடிமரத்தில் பட்டும் சுற்றி, அகோரப்பரை அதற்கு அடுத்த இடத்தில் உட்கார வைத்துவிட்டான். மரத்துக்குக் கீழே உத்தியோகம் பார்க்க எந்த மனிதனுக்குத்தான் மனசு வரும்?

பங்குனி வந்தது. மாவிலங்கம் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. அகோரப்பர் பட்டையைக் கடைச்சரக்காகவே பார்த்துப் பழகியவர். மரத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. ஒரு குச்சியை ஒடித்து முகர்ந்துவிட்டுச் சபைக்கு ஓடினார்.

"அரசே, தலைமை ராஜவைத்தியர் காலமாகிவிட்டார். வெண்காடன் பட்டையை உரித்த புண்தான் காரணம். ராஜ ஊழியரைக் கொன்றவனுக்கு மரண தண்டனை அல்லவா?"

ராஜா நேரில் போய்ப் பார்த்தான். பட்டு சுற்றிய மொட்டை மரத்தைக் கண்டதும் அழுதேவிட்டான்.

"நாளைக் காலைக்குள் இவரை எழுப்பு, வெண்காடா. இல்லையேல் உன் தலை உனக்கில்லை."

மரம் கூடிய சீக்கிரம் துளிர்க்கும் என்று வெண்காடனுக்குத் தெரியும். நாளைக் காலைக்குள் துளிர்க்காது என்பதும் தெரியும்.

"உத்தரவு, அரசே. ஓர் ஐயம் மட்டும். உயர் பதவியில் இருந்தவர் இறந்தால், கருமாதி முடியும்வரை அரண்மனையே துக்க வீடு. துக்க வீட்டில் தலையை வெட்டலாமா?"

ராஜா மந்திரியைப் பார்த்தான். மந்திரி குழம்பிப்போய், "வெட்டும் வழக்கம் இல்லை, அரசே" என்றார்.

"அப்படியானால் முறைப்படி துக்கம் நடக்கட்டும். காலமானவரின் பதவிக்கு வாரிசு யார்?" என்று கேட்டான் வெண்காடன்.

"நானே" என்று முந்திக்கொண்டார் அகோரப்பர்.

"நல்லது. வாரிசுதானே காரியம் செய்ய வேண்டும்."

காவல்காரன் தலையைச் சொறிந்தான். "பாடை கட்டுன்னா கட்டிடலாங்க. இவரை எப்படிங்க அதுல படுக்க வைக்கிறது?"

ராஜா அடிமரத்தின் பட்டைத் தடவினான். "என் உயிரைக் காத்தவர்மேல் கோடரி படக்கூடாது. நின்றபடியே காரியம் நடக்கட்டும்."

அகோரப்பர் தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு, ஒருவேளைச் சோற்றோடு மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்த ஊருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. "போனவருக்கு என்ன வயசுங்க? பிள்ளைகுட்டி உண்டுங்களா?" என்று அவரிடமே கேட்டார்கள். ஒப்பாரிக்கு வந்த பெண்களோ, அப்பா என்று அழுவதா, சாமி என்று அழுவதா என்று தெரியாமல் பொதுவாக அழுதுவிட்டுப் போனார்கள். பாவம், அகோரப்பரும் எல்லாருக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

கருமாதி நாளன்று ராஜா வந்தான். கிளை நுனியெங்கும் மும்மூன்று இலையாகத் தளிர். நடுநடுவே வெள்ளை மொட்டு. ராஜா மரத்தைப் பார்த்தான், கையில் பிண்டத்தோடு நின்ற அகோரப்பரைப் பார்த்தான், மறுபடி மரத்தைப் பார்த்தான்.

"இவர் பிழைத்தாரா, சாகவே இல்லையா?"

"சாகவில்லை, அரசே. ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் இலை உதிர்த்துத்தான் நிற்பார்" என்றான் வெண்காடன்.

"அன்றே ஏன் சொல்லவில்லை?"

"தாங்கள் அழுதுகொண்டிருந்தீர்கள். அழுகிறவரிடம் போய்ப் பிணம் எழுந்துவிடும் என்றால் யார் நம்புவார்கள்?"

ராஜாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. விலா நோகச் சிரித்துவிட்டு, தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றி வெண்காடனுக்குப் போட்டான். போட்ட கையோடு ஒரு சந்தேகம் வந்தது.

"அடுத்த ஆண்டும் இலை உதிருமா?"

"உதிரும், அரசே."

ராஜா மெல்லத் திரும்பி அகோரப்பரைப் பார்த்தான்.

"உறக்கம்தான், அரசே. வெறும் உறக்கம்" என்றார் அகோரப்பர், யாரும் கேட்பதற்கு முன்பே.