பெயர் சொல்லாத மாணவர்

"இங்கே எல்லோரும் என்னை வெறும் பெயர் சொல்லி அழைக்கிறார்கள்," என்றார் மாசிலாமணி.

அவர் திருநெல்வேலிக் கல்லூரி ஒன்றில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவர். பனிக்கட்டியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற நார்வேயின் வடகோடிக்கு வந்திருந்தார். அவருடைய நெறியாளர் இங்ரிட், அவரைவிட வயதில் இளையவர்.

"அது உங்கள் பெயர்தானே?" என்றார் இங்ரிட்.

"பெயர்தான். ஊரில் என் மாணவர்கள் 'ஐயா' என்பார்கள். இங்கே வாயிற்காவலர்கூட மாசிலாமணி என்கிறார். அதைப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் உங்களையும் நான் பெயர் சொல்லியே அழைக்க வேண்டுமாம். கற்றுக்கொடுப்பவரை அப்படி அழைத்துவிட்டு, நாளை எந்த முகத்தோடு என் வகுப்பில் போய் நிற்பேன்?"

இங்ரிட் ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினார்.

"உங்கள் ஊரில் உங்களைப் பெயர் சொல்லி அழைப்பவர் யார்?"

"என் தாய் அழைப்பார். அவர் காலமான பிறகு யாருமில்லை."

இங்ரிட் தேநீர்க் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார்.

"குடியுங்கள், மாசிலாமணி."

அவர் குடித்தார். மனம் மாறவில்லை.

அதன்பின் அவர் இங்ரிட்டை எந்தச் சொல்லாலும் அழைக்கவில்லை. 'மேடம்' என்பது அவ்வூரில் கடைக்காரர்கூடச் சொல்லாத சொல், சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே இங்ரிட்டின் எதிரே போய் நின்று செருமுவார். இங்ரிட் நிமிர்ந்து பார்த்ததும் பேசத் தொடங்குவார்.

ஆய்வகத்தில் யாரோ அவர் மேசைமீது இருமல் மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்கள். இன்னொருவர், நல்ல மருத்துவர் ஒருவரைத் தெரியும் என்றார்.

குளிர்காலம் முடியும் தறுவாயில், உறைந்த ஏரியின் பனித்தடிமனை அளக்க இருவரும் சென்றார்கள். தொலைவில் வேறொரு குழுவும் வேலை செய்துகொண்டிருந்தது.

காற்று பனித்தூளை வாரி இறைத்தது. இங்ரிட் தலை குனிந்து முன்னே நடந்தார்.

அவர் போகும் திசையில் பனி கறுத்திருந்தது. பக்கவாட்டில் நின்ற மாசிலாமணிக்கு அது தெரிந்தது. அங்கே பனி தாங்காது. அடியில் தண்ணீர் ஓடுகிறது.

பழக்கத்தில் முதலில் செருமினார். தம் செருமல் தமக்கே கேட்கவில்லை.

'மேடம்' என்று உரக்கக் கூவினார். இங்ரிட் திரும்பவில்லை. தொண்டை கிழிய மறுபடியும் கூவினார். நடை நிற்கவில்லை.

"இங்ரிட்!"

அவர் நின்றார்.

மாசிலாமணி கை நீட்டிய பக்கம் பார்த்தார். முன்வைத்த காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். தம் தடத்திலேயே, அடிமேல் அடி வைத்துத் திரும்பி வந்தார்.

மாசிலாமணி தலை கவிழ்ந்து நின்றார்.

"மன்னிக்க வேண்டும். பெயரைச் சொல்லிவிட்டேன்."

இங்ரிட் ஏரியை ஒரு முறை சுற்றும்முற்றும் பார்த்தார்.

"அதற்கு முன் யாரையோ அழைத்தீர்களே, அவர் வந்துவிட்டாரா?"