தனக்கென்று திரை இல்லாத பொத்தான்

அந்தக் காலத்தில் கைப்பேசிக்குள் இருந்தவை எல்லாம் பேசிக்கொண்டிருந்தன. திரைகள் பேசின, பொத்தான்களும் பேசின. ஒவ்வொரு திரைக்கும் அதற்கென்றே எழுதிய பொத்தான் இருந்தது. அது வேறு திரையில் கால் வைக்காது.

கடற்கரை ஊர் ஒன்றில் ரெஜினா என்ற பெண் செயலி எழுதக் கற்றுக்கொண்டாள். முதல் செயலியைக் கணவர் கில்பர்ட்டுக்காக எழுதினாள். அவர் விசைப்படகில் போனால் திரும்பி வர ஐந்து நாளாகும். காற்றைச் சொல்ல ஒரு திரை, மீன் விலை சொல்ல ஒன்று, வழி காட்ட ஒன்று. மூன்றின் அடியிலும் ‘கரை வந்தேன்’ என்ற பச்சைப் பொத்தான். தொட்டால் ரெஜினாவின் எண்ணுக்குச் செய்தி போகும். ஒரு பொத்தானை எழுதி, அதையே நகலெடுத்து மற்ற இரண்டு திரைகளிலும் ஒட்டியிருந்தாள். புதிதாக எழுதுகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

ஒட்டிய பிறகு மூன்றும் மூன்று ஆட்களாகிவிட்டன. கில்பர்ட் வழித்திரையைப் பார்த்தே வீடு திரும்புவார். அதனால் உப்புக் காய்ந்த அவருடைய கட்டைவிரல் எப்போதும் வழித்திரைப் பொத்தானில்தான் படும். ஐந்து நாளும் அது அந்த விரலுக்காகக் காத்திருக்கும்.

“மாப்பிள்ளை வர்ற நேரமாச்சு, மொகத்தக் கழுவிக்கோ” என்று விலைத்திரைப் பொத்தான் சீண்டும்.

ஒருமுறை ரெஜினாவின் எண் மாறியது. காற்றுத்திரையிலும் விலைத்திரையிலும் புது எண்ணை எழுதினாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போனவள் வழித்திரையை மறந்தாள். மறுநாள் படகு புறப்பட்டது.

ஐந்தாம் நாள் காற்று படகைத் தெற்கே வெகுதூரம் தள்ளி, வேறொரு துறைமுகத்தில் விட்டது. கைப்பேசியில் ஒரே ஒரு கோடு சார்ஜ்தான் இருந்தது. கில்பர்ட் பச்சைப் பொத்தானை அமுக்கினார். செய்தி போனது என்று காட்டிவிட்டுக் கைப்பேசி அணைந்தது. வீட்டுக்குத் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியில், படகைப் பழுதுபார்க்க ஆள் ஏற்பாடு செய்யும்வரை அங்கேயே தங்கிவிட்டார்.

ரெஜினா இரண்டு நாள் கரையில் நின்றாள். இரண்டு நாளும் இருவருக்குச் சோறு வடித்தாள்.

“காத்துதான் கொண்டுபோயிருக்கும், மைனி. வந்துருவாரு” என்றாள் பக்கத்து வீட்டு சலேத்.

“எங்க போனாலும் ஒரு வார்த்த சொல்லுவாரு, சலேத். அந்த வார்த்த வரல்லியே.”

மூன்றாம் நாள் கில்பர்ட் பேருந்தில் வந்து இறங்கினார்.

“அமுக்கினேனே, ரெஜி. போச்சுன்னு காட்டிச்சே.”

“எனக்கு வரல்ல” என்றாள்.

செயலியைத் திறந்து பார்த்தாள். வழித்திரையில் பழைய எண் அப்படியே இருந்தது.

“எனக்கு யாரும் சொல்லல” என்றது பொத்தான். “தெரிஞ்சிருந்தா உங்களை நிக்க வச்சிருப்பேனா?”

“தப்பு என்னுதுதான். இனிமே மூணு வேண்டாம், ஒண்ணு போதும். அது தனிக் கோப்புல இருக்கட்டும். திரைங்க பேர் சொல்லிக் கூப்பிட்டா வந்து நிக்கட்டும். நம்பர ஒரு எடத்துல மாத்தினா எல்லா எடத்துலயும் மாறிடும்.”

மற்ற இரண்டும் தம் திரையை இறுகப் பிடித்துக்கொண்டன. சொந்தத் திரையை விட்டுப்போக யாருக்கு மனம் வரும்?

“நான் போறேன்” என்றது வழித்திரைப் பொத்தான். “ஆனா அந்த விரல்?”

“வரும். எந்தத் திரையில வரும்னு சொல்ல முடியாது. இந்தச் செயலிய மத்த படகுக்காரங்களுக்கும் குடுக்கப் போறேன், இனி வேற வீட்டு ஆளுங்க விரலும் வரும்.”

பொத்தான் வழித்திரையின் அடியில் சற்று நேரம் நின்றது. கரையில் ரெஜினா நின்ற இரண்டு நாளை நினைத்தது. பிறகு தானே எழுந்து அந்தத் தனிக் கோப்புக்குப் போனது. மற்ற இரண்டையும் ரெஜினா அழித்தாள்.

அன்று முதல்தான் செயலி எழுதுகிறவர்கள் பொத்தானை ஒரே இடத்தில் எழுதி வைத்து, வேண்டிய திரைக்குப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். விரல் பட்டதும் பொத்தான் லேசாக அமிழ்ந்து எழுவதும் அன்று முதல்தான். வந்திருப்பது அந்த விரல்தானா என்று ஒவ்வொரு முறையும் அது பார்த்துக்கொள்கிறது.