தட்டில் கிடந்த ஒரு அட்டை

வேதம் படிக்கவென்று போதகர் ஞானாபரணத்திடம் வந்த தவசிமுத்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இருவரில் சீடர்தான் வயதில் மூத்தவர். அதனால் குரு சீடரை "அண்ணாச்சி" என்பார், சீடர் குருவை "ஐயா" என்பார்.

அந்த வருடம் வாக்குத்தத்த அட்டை எழுதும் வேலை தவசிமுத்துவுக்கு வந்தது. அட்டைக்கு ஒரு வசனம். புத்தாண்டு ஆராதனையில் வீட்டுக்கு ஒருவராக வந்து, தட்டில் கவிழ்ந்து கிடக்கும் அட்டைகளில் ஒன்றை எடுப்பார்கள். வருடம் முழுக்க அந்த வீட்டுக்குக் கர்த்தர் சொன்ன வார்த்தை அதுதான். நிலைக்கதவில் ஒட்டி வைப்பார்கள்.

"ஐயா, தீர்க்கதரிசிகள் பக்கம் பக்கமா கோவப்படுதாங்க. நாம ஆறுதலை மட்டும் கத்தரிச்சு எடுத்து எழுதுதோம். இது வேதத்தையே ஏமாத்துற மாதிரி இல்லையா?"

"கேள்வி சரிதான், அண்ணாச்சி."

"அப்போ பதில்?"

"அந்தப் பக்கங்களைப் படிச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு."

தவசிமுத்துவுக்கு இது ஒரு பதிலாகவே படவில்லை. பெயில் மார்க் போடத் தெரியாத வாத்தியாரை எந்தப் பிள்ளை மதிக்கும்? எருசலேமைப் பார்த்து ஆண்டவர் சொன்ன, வீடு பாழாகும் என்கிற வசனத்தை ஒரே ஓர் அட்டையில் எழுதித் தட்டில் சேர்த்தார். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குக் கர்த்தரே கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று நினைத்தார். ஊரில் அதற்குத் தகுதியான ஆட்கள் யார் யார் என்றும் மனசுக்குள் யோசித்து வைத்திருந்தார்.

புத்தாண்டுக் காலையில் வழக்கப்படி போதகர் முதல் அட்டையை எடுத்துத் தன் வேதாகமத்தில் வைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொரு கை நீளும்போதும் தவசிமுத்து தட்டையே பார்த்தார். எழுதும்போது இல்லாத பயம் இப்போது வந்தது.

ஜெபக்கனி வந்தாள். நிறைமாதம். இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. நின்ற இடத்திலேயே அட்டையைத் திருப்பிப் படித்தாள். அவள் முகம் வெளிறிப்போனது. ஒரு கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"ஐயா, வீடு பாழாகும்னு போட்டிருக்கு. இந்தப் பிள்ளையும் எனக்கு இல்லையா?"

தவசிமுத்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

போதகர் அட்டையை வாங்கிப் படித்தார். முன்வரிசையில், உடம்புக்கு முடியாத அவர் மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போதகர் அவரை ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாள் மெல்லத் தலையசைத்தார்.

"இதை நான் எடுத்துக்கிடுதேன்மா. எனக்கு வந்ததை நீ கொண்டு போ."

வேதாகமத்திலிருந்த தன் அட்டையை அவளிடம் கொடுத்தார். அவள் அதைப் படித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, அழுதபடியே போனாள்.

ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் தவசிமுத்து தலைகுனிந்து நின்றார். "ஒண்ணே ஒண்ணுதான் எழுதினேன், ஐயா. அது அவகிட்டப் போகும்னு நினைக்கல."

"இதுக்கு முந்தின வசனம் என்ன, அண்ணாச்சி?"

"கோழி தன் குஞ்சுகளைச் சிறகுக்குள்ள சேர்க்கிற மாதிரி உன்னைச் சேர்க்க நினைச்சேனேன்னு ஆண்டவர் வருத்தப்படுதது."

"அதை ஏன் எழுதல?"

"அட்டையில இடம் பத்தல."

போதகர் அந்த அட்டையைத் தன் அங்கியின் பைக்குள் வைத்தார். பிறகு கதவு வழியே, முன்வரிசையில் இன்னும் சாய்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். தவசிமுத்து அதைப் பார்த்துவிட்டார். தாங்க முடியாமல் கேட்டார்:

"அதைக் கிழிச்சுப் போட்டுருங்க, ஐயா. வெறும் அட்டைதானே? அதுல இருக்கறது பலிக்காதுன்னு சொல்லுங்க."

"பலிக்காதுன்னு தெரிஞ்சிருந்தா, அண்ணாச்சி, அவ கையிலேயே விட்டிருப்பேன்."