முதுகெலும்புக் கதவுக்காரி

ஒரு ஊர்ல ஒரு கதவுக்காரி. அந்த ஊரு எங்க இருந்துச்சுன்னா, பூரணின்னு ஒரு பொண்ணோட முதுகெலும்புக்குள்ள. கால்ல எங்க அடிபட்டாலும் வலி ஓடி வந்து அவ கதவைத்தான் தட்டணும். அவ தொறந்தாத்தான் மேல மூளை ராசாவுக்குச் சேதி போகும். ம் சொல்லு.

ஒரு நாள் பூரணி அம்மிக்கல்லுல முழங்காலை இடிச்சுக்கிட்டா. வலி குடுகுடுன்னு ஓடி வந்துச்சு. அப்போ அவ அம்மா பரபரன்னு தேய்ச்சு விட்டாளா, அந்தத் தேய்ப்பு வலியை முந்திக்கிட்டு வந்து வாசலை அடைச்சு நின்னுடுச்சு.

"தள்ளு, தள்ளு"ன்னுச்சு வலி.

"கூட்டமா இருக்கு, அப்புறம் வா"ன்னா கதவுக்காரி. கெட்டிக்காரி இல்ல?

அப்புறம் ஒரு நாள் பூரணி தம்பியை இடுப்புல தூக்கிக்கிட்டு தரிசுல வரா. பின்னாலேயே ஒரு முரட்டுக் கெடா, தட தட தடன்னு முட்ட வருது. ஓடுறா. சதக். உள்ளங்கால்ல கருவேல முள்ளு. வலி பறந்து வந்து "தொற"ன்னுச்சு. மேலேர்ந்து ராசா சொல்றாரு, "தொறக்காதே. இப்ப இவ நின்னா தம்பியும் சேர்ந்து முட்டு வாங்குவான்." கதவு படார்னு சாத்திக்கிச்சு. பூரணி முள்ளுக் குத்தினதே தெரியாம வீட்டுக்குள்ள வந்து விழுந்தா. தம்பி கெக்கெக்கேன்னு சிரிச்சான், அவளும் சிரிச்சா. முழிச்சிருக்கியா? ம்.

வீட்டுல ஏது கெடா? ராசா சும்மா ஆயிட்டாரு. வலி மறுபடியும் வந்துச்சு, இந்தத் தடவை மெதுவா. டொக். டொக்.

கதவுக்காரிக்கு மனசு வரல. "பிள்ளை இப்பத்தான் சிரிக்குது. நாளைக்கு வா, போ."

"அக்கா, அவ அந்தக் காலோட வெளையாடக் கெளம்புறா. மிதிக்க மிதிக்க முள்ளு உள்ள போகுது. சீழ் வெச்சா நீயா வந்து மருந்து போடுவே?"

"அழுவாளே."

"அழட்டும். அழுதாத்தான் அவ அம்மா திரும்பிப் பாப்பா."

கதவுக்காரி தாழ்ப்பாளை நீக்கினா. கிரீச். பூரணி "அம்மா"ன்னு காலைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டா. அம்மா காலை மடியில போட்டு முள்ளை எடுத்து, கழுவி, துணி சுத்திவிட்டா.

கதவுக்காரி அதுக்கப்புறம் கதவை முழுசா சாத்தவும் இல்ல, அகலத் தொறக்கவும் இல்ல. புண்ணு ஆறுற வரைக்கும் ஒருக்களிச்சு வெச்சா. அந்தக் கொஞ்ச வலியில பூரணி காலைப் பாத்துப் பாத்து ஊன்றி நடந்தா. காலு பொழைச்சுது.

அவ்வளவுதான் கதை. உன் முதுகுக்குள்ளயும் ஒருத்தி முழிச்சிருக்கா. நீ கண்ணை மூடு.